ஆமி அண்ணை மாலை போட்ட கேணல்

கனடாவின் ரொறன்ரோவில் இருக்கிற இத்தனை தமிழரிலும் முதலாம் உலக யுத்தத்தில் சண்டை பிடித்த ஒரே ஆள் ஆமி அண்ணைதான். அந்த யுத்தம் முடிந்து கனகாலத்துக்குப் பிறகுதான் அவர் யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் பிறந்தார் என்பதை ஒரு குறையாகச் சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். "பிறந்த வருசத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் சரித்திரம் கதைக்கேலாது தம்பி" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சுடுவார்.

எந்தக் கலியாண வீட்டிலும் அவர் இருக்கிற மேசையில் யுத்தம் நடக்கும். ஒருமுறை மார்க்கம் பக்கத்து மண்டபம் ஒன்றில் பாரிசிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் தெரியாத்தனமாக அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். "நாங்கள் பிரான்சில சேத்துக்குள்ள நிக்கேக்க" என்று ஆமி அண்ணை தொடங்கினார்.

பாரிஸ்காரருக்குச் சந்தோசம். "நீங்களும் பிரான்சில நிண்டனீங்களோ அண்ணை? எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் பக்கமோ?"

"அதுக்கு இன்னும் வடக்கால. பங்கருக்குள்ள."

"பங்கருக்குள்ளயோ? விசா கிடைக்கேல்லையோ?"

"விசாவோ? எங்களில கனபேர் திரும்பியே வரேல்ல ஐசே."

பாரிஸ்காரர் பாவம், கண் கலங்கிப்போய்த் தன்னுடைய வடையை எடுத்து அவருடைய தட்டில் வைத்தார். ஆமி அண்ணை அதை மறுக்கவில்லை.

அவர் எந்த ஆமியிலும், எந்த நாட்டுப் படையிலும் இருந்ததில்லை. நாயைக் கண்டால் றோட்டின் மற்றப் பக்கம் போகிற மனிசன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கிளீனிங் கொம்பனியில் வேலை செய்தோம். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்த ஒரு பழைய செங்கல் கட்டிடம் எங்களுக்குப் பொறுப்பு. அதை ஆமரி என்பார்கள். அந்தந்தப் பகுதி ஆட்கள் வேலை முடிந்து வந்து பகுதிநேரமாகப் பயிற்சி எடுக்கிற படை மண்டபம் அது. கீழே பெரிய வெறும் ஹோல், மேலே ஒரு நீளமான அறை. அந்த அறைதான் கவுண்டி றெஜிமென்டின் மியூசியம். சுவரில் படங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் தொப்பிகள், மூலையில் ஒரு பெரிய மேளம்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லவேண்டும். பின்னேரம் நாங்கள் கீழே மொப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். வெளிக்கதவு திறந்தது. சப்பாத்துச் சத்தம். ஒரு சோடி இரண்டு சோடி இல்லை, முழுக் கூட்டம். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அது கேட்டால் என்ன செய்யவேண்டும் என்றும் எங்களுக்கு ஊரில் இருந்தபோதே தெரியும். நான் திரும்பிப் பார்த்தபோது ஆமி அண்ணை இல்லை. மொப் வைக்கிற சின்ன அறைக்குள் இருந்து ஒரு கை வந்து என்னையும் உள்ளே இழுத்தது. கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு பேரும் வாளிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

சப்பாத்து ஒன்று கிட்ட வந்தது. கதவு திறந்தது. யூனிபோர்ம் போட்ட ஒரு வெள்ளைப் பெடியன், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. எங்களைப் பார்த்தான். நாங்கள் அவனைப் பார்த்தோம். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சொறி சேர்" என்றான். கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

ஆமி அண்ணை கனநேரம் எழும்பவில்லை. பிறகு என்னுடைய தோளைப் பிடித்துக் கேட்டார். "தம்பி, அவன் என்ன சொன்னவன்?"

"சொறி சேர் எண்டவன் அண்ணை."

"ஆமிக்காரன். கதவைத் திறந்துபோட்டு. என்னைப் பாத்து."

"ஓம் அண்ணை."

"நான் ஒளிச்சதெண்டு நினையாத. மொப் எடுக்கத்தான் வந்தனான்."

மொப் அவருடைய கையிலேயே இருந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்த றெஜிமென்டின் மேல் அவருக்கு வந்த பைத்தியம்.

அடுத்த கிழமையிலிருந்து மேல் அறையைத் துடைக்கிற வேலையை வேறு ஒருவருக்கும் விடவில்லை. துடைப்பது கொஞ்சம், வாசிப்பது கூட. அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் கென் என்கிற ஓய்வுபெற்ற சார்ஜன். தன்னுடைய கதைகளைக் கேட்கத் தன்னுடைய சொந்தப் பேரப்பிள்ளைகளே வராத கவலையில் இருந்தவர். அவருக்கு ஆமி அண்ணை கிடைத்தது தவிச்ச வாய்க்குத் தண்ணி. கென் ஒரு பங்கு சொன்னால் ஆமி அண்ணை மூன்று பங்காக்கி எனக்குச் சொல்லுவார்.

கவுண்டி என்பது பழைய காலத்து மாவட்டம் மாதிரி. அதில் வயல் செய்துகொண்டிருந்த கமக்காரர் தங்கட பெடியளைச் சேர்த்துத் தொடங்கின படைதான் இது. சுடுகிற துவக்கு வரமுதல் மண்வெட்டிப் பிடியைத் தோளில் வைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் பின்னால் பயிற்சி எடுத்தார்கள். பிரான்சுக்குப் போனார்கள், பெல்ஜியத்துக்குப் போனார்கள், அடுத்த யுத்தத்தில் இத்தாலிக்கும் போனார்கள். "இத்தாலியிலதான் நாங்கள் வெள்ளைப்பூடு சாப்பிடப் பழகினது" என்று ஆமி அண்ணை சொல்லுவார். அதற்குள் நகரம் பெருத்துக் கவுண்டியை விழுங்கிவிட்டது. வரைபடத்தில் இப்போது அந்தக் கவுண்டியே இல்லை. ஆனால் றெஜிமென்ட் இருக்கிறது. வருசா வருசம் கூடுகிறது, கேக் வெட்டுகிறது, அடுத்த தலைவர் யார் என்று மூஞ்சையை நீட்டிக்கொள்கிறது.

கென் இதை ஒரு பெரிய சோகமாகத்தான் சொன்னார். ஆமி அண்ணைக்குச் சோகமே வரவில்லை. "ஊர் இல்லை, சங்கம் இருக்கு. இதில என்ன விளங்காமல் இருக்கு? தம்பி, எங்கட ஆக்கள் இஞ்ச வந்து வைச்சிருக்கிற மாதிரி, இது அவங்கட ஊர்ச் சங்கமடா" என்றார். அதற்குப் பிறகு அந்த றெஜிமென்டை அவர் எங்கட முறைப்படிதான் நடத்தினார். தன்னுடைய பூட்டனாரின் படத்தைத் தேடி வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை வாசலிலேயே மறித்து, "விச் வில்லேஜ்?" என்று கேட்டார். அவர்கள் சொன்னார்கள். "மதர் சைட்?" அவர்கள் யோசித்தார்கள். "மதர் சைட் தெரியாமல் எப்பிடி ஆளைப் பிடிக்கிறது?" என்று என்னிடம் தமிழில் குறைப்பட்டார். கடைசியில் அவர்கள் கென்னுக்குத் தூரத்துச் சொந்தம் என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். உண்மையோ பொய்யோ, கென்னும் அவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

இதெல்லாம் வீட்டுக்கு வெளியில். மோர்னிங்சைட்டில் அவருடைய வீட்டுக்குள்ளே றெஜிமென்ட் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. காரணம் யோகம் அக்கா.

யோகம் அக்கா அவர் தாலி கட்டின மனிசி. நல்ல மனிசி, நல்ல கை. அவ வைக்கிற மீன்குழம்புக்கு நான் பனிக்குள்ளும் பஸ் ஏறிப் போயிருக்கிறேன். ஆனால் ஆமி என்ற பேச்சு எடுத்தால் குழம்புச் சட்டியை மூடிவிடுவா. "ஆமிக்குப் பயந்து நாடு விட்டு நாடு ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து ஆமிக்காரன்ர தொப்பிக்குத் தூசி தட்டுறார். தம்பி, உமக்காவது இது விசராத் தெரியேல்லையோ?"

அவ சொல்லுறதில் நியாயம் இருந்தது. அவர்களுடைய வீட்டு ஹோலில் ஒரு படம் தொங்கும். யோகம் அக்காவின் தம்பி. ஆமி ஒரு நாள் காலமை கூட்டிக்கொண்டு போனது, ஆள் இன்னும் வரவில்லை. அந்தப் படத்துக்கு யோகம் அக்கா பொட்டு வைக்கவில்லை, விளக்கு வைக்கவில்லை, மாலை போடவில்லை. மாலை போட்டால் அதோடு முடிந்தது என்று அர்த்தம். இத்தனை வருசமாக அந்தப் படம் வெறும் படமாகவே இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு மாலை என்றால் என்னவென்று ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இப்படிப்பட்ட வீட்டு ஆள்தான் அந்த வேலையைச் செய்தார்.

நவம்பர் மாதம் இங்கே யுத்தத்தில் செத்தவர்களை நினைக்கிற நாள் வரும். எல்லாரும் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூக் குத்துவார்கள். ஆமி அண்ணை ஒக்டோபரில் குத்தினால் தைப்பொங்கல் வரைக்கும் கழற்ற மாட்டார். அந்த வருசம் அவருக்கு ஒரு புதுக் கவலை வந்தது. மேல் அறையில் றெஜிமென்டுக்குத் தலைமை தாங்கின பழைய கேணல்மார் எல்லாரும் வரிசையாகச் சட்டத்துக்குள் தொங்குகிறார்கள், ஒருவருக்கும் ஒரு பூக்கூட இல்லை.

"ஏன் அண்ணை, அவங்கட ஆக்கள் செய்வாங்கள்தானே?" என்றேன்.

"எங்க இருக்கினம் அவங்கட ஆக்கள்? காணியை வித்துப்போட்டு எல்லாரும் வடக்க போட்டினம். என்ர வீடு நிக்கிற இடம் அப்ப ஓட்ஸ் வயல் எண்டு கென் சொன்னவர். அந்த வயல்ல வேலை செய்த பெடியன் பெல்ஜியத்தில செத்துப் போனவன். இப்ப அந்த மண்ணில ஆர் இருக்கிறது? நான். அப்ப ஆர் செய்யவேணும்?"

அவருடைய கதைகளில் முக்கால்வாசி புளுகு. இது புளுகு இல்லை.

கென்னிடம் "கொஞ்சம் பூ வைக்கட்டே" என்று கேட்டார். கென் ஒரு பூச்சாடியை நினைத்துத் தலையாட்டிவிட்டார். ஆமி அண்ணை வோபர்ன் பக்கத்துத் தமிழ்க் கடைக்குப் போய், சந்தனச் சீவலில் கட்டின மாலைகளை அள்ளிக்கொண்டு வந்தார். அதோடு பற்றரியில் எரிகிற சின்னச் சின்ன விளக்குகள். நெருப்புக் கொளுத்தினால் மேலே இருக்கிற மணி கத்தும் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கேணலுக்கும் ஒரு மாலை, ஒரு விளக்கு, கண்ணாடியில் ஒரு சந்தனப் பொட்டு. உண்மையைச் சொன்னால் வடிவாகத்தான் இருந்தது.

அந்த நினைவு நாள் கூட்டம் முடிந்தபிறகு மேல் அறையில் தேத்தண்ணி. குடும்பத்தையும் கூட்டிவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். யோகம் அக்காவை எப்படிக் கூட்டிவந்தார் என்று கேட்காதீர்கள். "விளக்கு வைச்சிருக்கிறன், ஒழுங்கா வைச்சிருக்கோ எண்டு பெம்பிளை ஒராள் பாக்கவேணும்" என்று கெஞ்சினாராம். விளக்கு விசயத்தில் அவ ஆம்பிளைகளை நம்புகிற ஆள் இல்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யூனிபோர்ம் ஒன்றும் கண்ணில் படாதபடிக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தா.

அப்படிச் சுவரைப் பார்த்து வந்ததுதான் வில்லங்கம். மாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவ கடைசிப் படத்தில் நின்றுவிட்டா. படத்தைப் பார்த்தா. படத்துக்குக் கீழே கதிரையில் இருந்த ஒரு கிழவரைப் பார்த்தா. திரும்பப் படத்தைப் பார்த்தா. பிறகு மெதுவாகக் கூப்பிட்டா.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

"இந்தக் கடைசிப் படத்தில இருக்கிற மனிசன்தானே உதில இருந்து கேக் சாப்பிடுது?"

ஆமி அண்ணை பார்த்தார். நானும் பார்த்தேன். படத்தில் மீசையும் தலைமயிருமாக ஒரு நடுவயதுக் கேணல். கதிரையில் மீசையும் இல்லாமல் மயிரும் இல்லாமல் தொண்ணூறைத் தாண்டின ஒரு மனிசன். மூக்கும் காதும் அதே மூக்கும் காதும். பெயர் ஹரோல்ட். வருசத்தில் ஒரு நாள், இந்த நாளில் மட்டும்தான் ஆள் வருவாராம். மாலையும் பொட்டும் விளக்குமாகத் தொங்குகிற தன்னுடைய படத்துக்குக் கீழே இருந்து, இரண்டாவது துண்டுக் கேக்கைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"படத்துக்குக் கீழ பித்தளையில வருசம் போட்டிருக்கே" என்றார் ஆமி அண்ணை. "இந்த வருசத்தில இருந்து இந்த வருசம் வரைக்கும் எண்டு."

"அது பதவியில இருந்த காலம் அண்ணை" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். பதவி முடிய ஆளும் முடிஞ்சிருக்கும் எண்டுதானே நினைப்பம். எங்கட சங்கங்களில ஒரு தலைவராவது உயிரோட பதவியை விட்டதை நீ கண்டிருக்கிறியோ?"

நான் காணவில்லை. என்னுடைய ஊர்ச் சங்கத் தலைவர் இதை வாசிப்பார் என்பதால் இதற்கு மேல் எழுதவும் போவதில்லை.

ஆமி அண்ணை மாலையைக் கழற்றக் கையைத் தூக்கினார். யோகம் அக்கா கையைத் தட்டிவிட்டா. "இவ்வளவு சனத்துக்கு முன்னால கழட்டினால் இன்னும் மோசம்." அதற்குள் கிழவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார். இது யாருடைய வேலை என்று கேட்டார். கென் பெருமையாக ஆமி அண்ணையைக் காட்டினார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேணல் கேட்டார்.

அங்கே இருந்த தமிழர் நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் நிலத்தைப் பார்த்தோம்.

"றெஸ்பெக்ட் சேர்" என்றார் ஆமி அண்ணை.

கேணலுக்கு முகம் பூத்துவிட்டது. இதை ஒருவரும் தொடக்கூடாது, இப்படியே இருக்கட்டும் என்று கென்னுக்குச் சொல்லிவிட்டார். கேணல் சொன்னால் சொன்னதுதான், கென் சலூட் அடித்தார்.

அன்றிலிருந்து ஆமி அண்ணைக்கு நித்திரை போய்விட்டது. "ஈ எறும்புக்கும் கெடுதல் நினையாத ஆள் நான். இப்ப ஒரு உயிருள்ள மனிசனை மேல அனுப்பிவைச்சிட்டன்" என்று வேலைத்தலத்தில் வாளியைப் பார்த்துப் புலம்புவார். மாலையைக் களவாகக் கழற்றலாம் என்றால் அங்கே கென் காவல். கேணலும் வருசத்தில் ஒரு நாள் வந்தவர், இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்து தன்னுடைய படத்துக்கு முன்னால் கதிரை போட்டு இருக்கத் தொடங்கிவிட்டார். வருகிற ஒவ்வொரு முறையும் ஆமி அண்ணை அவரை மேலும் கீழும் பார்ப்பார். "தம்பி, ஆள் கொஞ்சம் மெலிஞ்சிட்டார் என்ன?" என்று என்னைக் கேட்பார். கேணல் தும்மினால் இவருக்கு வேர்க்கும்.

பரிகாரம் தேடிக் கோயிலுக்குப் போனார். கேணலுடைய பெயரில் அர்ச்சனை செய்யவேண்டும்.

"பெயர்?" என்றார் ஐயர்.

"ஹரோல்ட்."

ஐயர் ஒருமுறை பார்த்தார். "நட்சத்திரம்?"

அங்கே நின்றபடியே ஆமி அண்ணை கேணலுக்குப் போன் அடித்தார். "சேர், வட் டேற் யூ போர்ன்? வட் ரைம்?" பென்சன் அலுவலாக்கும் என்று கேணலும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். பிறந்தது பழைய கவுண்டிப் பண்ணை வீட்டில், விடியக்காலமை பால் கறந்து முடிந்த கையோடு. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி மக நட்சத்திரம், சிம்ம ராசி என்றார். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிற சிவ கோத்திரத்தில் கேணலையும் சேர்த்துவிட்டார். "ஹரோல்ட் நாமதேயஸ்ய" என்று ஐயர் சொல்லும்போது வரிசையில் நின்ற சனம் எட்டி எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அர்ச்சனை நடந்தது. திருநீற்றுப் பொட்டலத்தை வியாழக்கிழமையில் கேணலிடம் கொடுப்பார். கேணல் அதை வாங்கிப் பதக்கங்களுக்குப் பின்னால் இருக்கிற பொக்கற்றில் வைத்துக்கொள்வார்.

இவ்வளவு செய்தும் மாசி மாதத்துப் பனியில் கேணல் விழுந்துவிட்டார். நெஞ்சில் சளியும் கட்டி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கென் செய்தி சொன்னபோது ஆமி அண்ணை மொப்பைக் கீழே போட்டார். "முடிஞ்சுது" என்றார். "எப்பிடியும் உண்மையைச் சொல்லவேணும் தம்பி. கார் எடு."

அவருடைய வீட்டு வாசலில் காரை நிற்பாட்டினால் பின் கதவைத் திறந்துகொண்டு யோகம் அக்கா ஏறினா. மடியில் ஒரு பிளாஸ்க், மிளகு ரசம். "நான் உள்ளுக்கு வரமாட்டன். காருக்குள்ள இருக்கிறன். ஆமியெண்டாலும் சளிக்கு ரசம் குடிக்கத்தானே வேணும்" என்றா. நான் கண்ணாடியில் பார்த்தேன். அவ சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தா.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேணல் சின்னனாகப் போயிருந்தார். ஆமி அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தெரிந்த இங்கிலிசு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சொன்னார். மாலை என்றால் செத்தவருக்கு. விளக்கும் செத்தவருக்கு. நான் பிழை விட்டுவிட்டேன். நீங்கள் செத்துப்போனீர்கள் என்று நினைத்தேன். என்னாலதான் நீங்கள் இப்படிப் படுத்திருக்கிறீர்கள். சொல்லிவிட்டு அழுதார். நானும் மூக்கைத் துடைத்தேன் என்பதை மறைக்கத் தேவையில்லை.

கேணல் சிரித்தார். இருமி இருமிச் சிரித்தார். அவர் சொன்னதை எங்கட பாசையில் தருகிறேன். "எனக்குத் தெரியும். காலையில் வீட்டுக்கு வந்து என்னைக் குளிப்பாட்டுகிற பெண் உங்கள் தமிழ் ஆள்தான். கென் எடுத்த போட்டோவை அவளுக்குக் காட்டினேன். சவர்க்காரத்தைக் கைநழுவ விட்டுவிட்டாள். எல்லாம் சொன்னாள்."

"அப்ப ஏன் சேர் கழட்டேல்ல?"

"என்னுடைய பெடியன்கள் எத்தனையோ பேருடைய செத்தவீட்டில் முன்வரிசையில் இருந்திருக்கிறேன். பூ வைப்பார்கள், நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். இதைப் பார்க்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். எனக்குக் கொடுத்து வைத்தது. அதுதான் வியாழன் தோறும் வந்து பார்த்தேன். அதைக் கழற்றக் கூடாது, இது ஓடர்."

"நான் சிவிலியன். எனக்கு ஓடர் போடேலாது" என்றார் ஆமி அண்ணை. அழுத கண்ணோடு, தொண்ணூறு தாண்டின கேணலோடு சரிக்குச் சரி நின்றார். கழற்றவேண்டும் என்று இவர். தொடக்கூடாது என்று அவர். நேர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

அப்போது வாசலில் யோகம் அக்கா. ரசத்தைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். பிளாஸ்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தா. எங்களுக்குள் நடந்த சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டா. பிறகு புருசனைப் பார்த்துச் சொன்னா: "ரெண்டு பேருக்கும் விசர். படத்துக்குப் போட்டால்தான் அது செத்தவருக்கு. கழுத்தில போட்டால் உயிரோட இருக்கிற ஆளுக்கு மரியாதை. அந்தாள் சுகமாகி வரட்டும். படத்தில இருக்கிறதைக் கழட்டிப்போட்டு, புதுப் பூவில கட்டி அந்தாளின்ர கழுத்தில போடுங்கோ. இதுக்கு ஏன் இவ்வளவு கூத்து?"

நான் மொழிபெயர்த்தேன். கேணல் யோசித்தார். "அந்த அம்மாவுக்குத்தான் றெஜிமென்டைக் கொடுத்திருக்கவேண்டும்" என்றார். பிறகு ரசத்தைக் குடித்தார். காரம் தலைக்கு ஏறிக் கண்ணால் தண்ணீர் ஓடியது, மூக்காலும் ஓடியது, அடைத்திருந்த நெஞ்சு திறந்தது. டொக்டர்மாரும் ஏதோ மருந்து கொடுத்திருப்பார்கள். ஆமி அண்ணையின் கணக்கில் ரசம்தான்.

பனி கரைந்த பிறகு ஒரு சனிக்கிழமை மேல் அறையில் எல்லாரும் கூடினோம். கேணல் தடியூன்றி வந்து நின்றார். இளம் பெடியளும் பெட்டைகளும் யூனிபோர்மோடு இரண்டு வரிசையாக நின்றார்கள். ஆமி அண்ணை ஏணியில் ஏறிப் படத்து மாலையைக் கழற்றினார், பொட்டை அழித்தார், விளக்கை அணைத்தார். இறங்கி வந்து மல்லிகையும் றோசாவும் சேர்த்துக் கட்டின புது மாலையைக் கேணலின் கழுத்தில் போட்டார். அந்த நேரம் ஓடர் கேட்டது. அத்தனை சப்பாத்தும் ஒரே அடியாகத் தரையில் இறங்கியது. நானே ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யோகம் அக்காவைப் பார்த்தேன். ஆமி அண்ணையின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா. ஆனால் சுவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெடியளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தா.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்கும்போது கேணல் தன்னுடைய கழுத்து மாலையைக் கழற்றி ஆமி அண்ணையின் கழுத்தில் போட்டார். ஆமி அண்ணை மரியாதைக்குத் திருப்பிப் போட்டார். கேணலும் விடவில்லை, திரும்பவும் போட்டார்.

"மாலை மாத்தியாச்சு" என்றா யோகம் அக்கா சத்தமாக. "இனி இவருக்குச் சமைச்சுப் போடுறதை அந்த மனிசனே பாக்கட்டும்."

நானும் ஆமி அண்ணையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கேணல் என்னவென்று கேட்டார். அதை மட்டும் நாங்கள் மொழிபெயர்க்கவில்லை.

கேணல் இன்னும் இருக்கிறார், வியாழக்கிழமைகளில் வருகிறார். ஆமி அண்ணை வேலையிலிருந்து ஓய்வெடுத்துவிட்டார், யுத்தத்திலிருந்து இன்னும் இல்லை. போன மாதம் யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாளில் கண்டேன். இத்தாலிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

இந்தக் கட்டுரையோடு போட அவருடைய படம் ஒன்று வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். என்னிடம் நல்ல படங்கள் இருக்கின்றன. தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கட ரொறன்ரோப் பத்திரிகைகளில் படம் வருவது இரண்டு விதமான ஆட்களுக்குத்தான், ஒன்று விளம்பரம் போட்டு வீடு விற்கிறவர்கள், மற்றது காலமானவர்கள். ஆமி அண்ணை வீடு விற்கிறவர் இல்லை. மற்றப் பக்கத்தில் அவருடைய முகத்தைக் காண எனக்கு மனம் இல்லை.